பண்டத்தின் பின்னே வரும் புகைக் கணக்கு

பெப்ரவரி மாதம் 14 ஆந் திகதி நெருங்கும்போது இலண்டன் மாநகரத்துக் கடைகளிலே செந்நிற ரோசாப் பூக்கள் குவிந்து கிடக்கும். காதலர் தினமென்று மேனாட்டார் கொண்டாடும் அந்நாளிலே பூவுக்கு உண்டாகும் கிராக்கி சொல்லுந்தரமன்று. ஆனால் இங்கிலாந்திலே அது கடுங்குளிர் காலம். திறந்த வெளியில் அங்கு ரோசா பூப்பதில்லை. ஆகவே பூ வேறு நாட்டிலிருந்து வரவேண்டும். ஒரு கட்டு ஆபிரிக்காவின் கென்யா நாட்டிலே பறிக்கப்பட்டு, ஆகாய விமானமேறி, 6,000 கிலோமீற்றருக்கு மேற் பறந்து வந்தது. மற்றொரு கட்டு அண்டையிலுள்ள ஒல்லாந்திலே வளர்ந்து, லொறியிலும் கப்பலிலும் வந்தது. இவ்விரண்டனுள் வளிமண்டலத்துக்குக் கூடிய தீங்கு செய்தது எது என்று கேட்டால், சிறு பிள்ளையும் விமானத்தில் வந்ததே என்று விடை கூறும்.

2007 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பெருங்கடைக்காரர் சிலரும் அவ்வாறே எண்ணினர். டெஸ்கோ, மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் ஆகிய நிறுவனங்கள் விமானத்தில் வந்த உணவுப் பண்டங்களின்மீது சிறு விமானப் படமொன்றை ஒட்டத் தொடங்கின. இரசாயன உரமின்றி விளைந்த பண்டங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் சொயில் அசோசியேஷன் என்ற சங்கம், விமானத்தில் வருவனவற்றுக்குச் சான்று மறுப்பதா என்று அதே ஆண்டில் ஆலோசனை நடத்தியது. பெருஞ் செல்வர் வாழும் நாட்டிலே மனச்சாட்சிக்காக ஒட்டப்பட்ட அச்சிறு படம், ஏழை நாட்டு விவசாயியின் வயிற்றிலே கைவைக்கும் என்பதைப் பலர் அப்பொழுது உணரவில்லை. கென்யாவிலே பூவும் காய்கறியும் பயிரிட்டு ஏற்றுமதி செய்து பிழைப்போர் பல்லாயிரவர்.

அந்த 2007 ஆம் ஆண்டிலேயே கிரான்பீல்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. கென்யாவிலிருந்து 12,000 ரோசாப் பூக்கள் இங்கிலாந்து வந்து சேரும்வரை வெளியாகும் காபனீரொட்சைட்டு, விமானப் புகையையுஞ் சேர்த்து, ஏறக்குறைய 6,000 கிலோகிராம். ஒல்லாந்தில் வளர்ந்த அதே தொகைப் பூக்களுக்கு ஏறக்குறைய 35,000 கிலோகிராம். சிறு பிள்ளையின் விடை பொய்த்தது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. கென்யாவின் பூந்தோட்டங்கள் பெரும்பாலும் நைவாஷா ஏரியைச் சூழ உள்ளன. அவ்விடம் பூமத்திய ரேகைக்கு அண்மையிலே, ஏறக்குறைய நம் நுவரெலியாவின் உயரத்தில் அமைந்தது. ஆண்டு முழுவதும் வெயிலுண்டு. கொடுங்குளிரும் இல்லை, கொடுவெப்பமும் இல்லை. சூரியன் இனாமாகத் தரும் அவ்வெப்பத்தையும் ஒளியையும் ஒல்லாந்துக்காரர் கண்ணாடி வீடுகளுக்குள்ளே எரிவாயுவை எரித்தும் மின்விளக்கை ஏற்றியும் உண்டாக்கினர். விமானம் புகை விட்டது உண்மையே. ஆயினும் மாரி முழுவதும் ஒரு கண்ணாடி வீட்டைச் சூடாக்குவதற்கு அதனிலும் கூடிய எரிபொருள் செலவாயிற்று. இந்த ஆராய்ச்சி பூ இறக்குமதி செய்யும் வணிகமொன்றின் வேண்டுகோளின்பேரிற் செய்யப்பட்டது என்பதையும் கேட்போர் மனத்திற் கொள்ளுதல் தகும். அதனால் அது பொய்யென்று ஆகாது. கணக்கை யார் கேட்டார் என்பதும் கணக்கின் ஒரு பகுதியென்றே கொள்ளவேண்டும். ஒல்லாந்துக் கண்ணாடி வீடுகளின் எரிபொருளும் அக்காலத்தின்பின் ஓரளவு மாறியுள்ளது. எனவே மேற்கூறிய தொகைகள் அவ்வாண்டுக்கு உரியனவேயன்றி எக்காலத்துக்கும் உரியனவல்ல. ஏரியிலிருந்து இறைக்கப்படும் நீரைப் பற்றியும் அக்கணக்கு ஒன்றுஞ் சொல்லாது. அது புகையின் கணக்கு மாத்திரமே.

இத்தகைய கணக்குக்குக் காபன் அடிச்சுவடு என்று பெயர். ஒரு பண்டம் விதையாகவோ தாதுப்பொருளாகவோ இருந்த நாள் முதல், ஆலையிலும் கப்பலிலும் கடையிலும் வீட்டிலும் புழங்கிக் குப்பையிற் சேரும் நாள் வரை, அதன்பொருட்டு வளிமண்டலத்திற் கலந்த வெப்பமூட்டும் வாயுக்கள் எவ்வளவு என்பதே கேள்வி. வாயுக்கள் பல, அவற்றின் வலிமையும் ஒன்றன்று. நூறாண்டுக் காலத்தை எடுத்துப் பார்த்தால், ஒரு கிலோகிராம் மெதேன் ஏறக்குறைய 27 முதல் 30 கிலோகிராம் காபனீரொட்சைட்டுச் செய்யும் வேலையைச் செய்யும். வயலில் இடும் நைதரசன் உரத்திலிருந்து எழும் நைதரசு ஒட்சைட்டு ஒரு கிலோகிராம், 273 கிலோகிராமுக்குச் சமன். பல நாட்டு நாணயங்களை ஒரே நாணயத்துக்கு மாற்றிக் கூட்டுவதுபோல, எல்லாவற்றையும் காபனீரொட்சைட்டாக மாற்றிக் கூட்டுவர். நூறாண்டுக்குப் பதிலாக இருபதாண்டை எடுத்தால் மெதேனின் பெறுமதி எண்பது மடங்கை ஒட்டி உயரும். மாற்று வீதம் எந்தக் காலத்துக்கென்று சொல்லாமல் ஒருவர் கூட்டுத்தொகையை மாத்திரம் கூறுவாராயின் அதனை நம்புதல் அரிது.

கூட்டுவது எளிது; எதனைக் கூட்டுவது, எதனை விடுவது என்று கோடு கிழிப்பதே கடினம். நியூசிலாந்து நாட்டு லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2006 ஆம் ஆண்டிலே ஆட்டிறைச்சியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டனர். நியூசிலாந்து ஆட்டிறைச்சி ஒரு தொன், உலகின் மறுபுறத்துக்குக் கப்பலேறி இங்கிலாந்து சேரும்வரை 688 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகிறது. இங்கிலாந்திலேயே வளர்ந்த ஆட்டிறைச்சிக்கோ 2,849 கிலோகிராம் ஆகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அங்கே ஆடுகள் ஆண்டு முழுவதும் வெளியிலே புல் மேயும். இங்கிலாந்திலே தீவனமும் உரமும் கூடுதலாகச் செலவாகும். கப்பலோ, விமானத்தைப் போலன்றி, ஒரு தொன் சரக்கை மிகச் சிறிய எரிபொருளுடன் கொண்டுசெல்லும். இவையெல்லாம் நியாயமே. ஆனால் அவ்வறிக்கை எரிபொருளாலும் சக்தியாலும் வரும் காபனீரொட்சைட்டை மாத்திரமே கணக்கிட்டது. ஆடு அசைபோடுகையில் அதன் வயிற்றிலிருந்து எழும் மெதேன் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. ஆட்டிறைச்சியின் அடிச்சுவட்டிலே பெரும்பகுதி அந்த மெதேனே. அதனைச் சேர்த்திருந்தால் இரு நாட்டுத் தொகைகளும் பலமடங்கு பெருகியிருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதமும் வேறாகியிருக்கும்.

இவ்வாறெல்லாம் ஐயங்கள் எழுவதால் இந்த அளவை வீணென்று தள்ளிவிடுதலும் தவறு. இங்கிலாந்திலே வாக்கர்ஸ் என்ற உருளைக்கிழங்குப் பொரியல் நிறுவனத்தில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்று. காபன் டிரஸ்ட் என்ற அமைப்பு அந்நிறுவனத்துடன் கூடி, வயலிலிருந்து பைக்கற்று வரை ஒவ்வொரு படியாக அளந்தது. 2007 ஆம் ஆண்டிலே அந்தப் பைக்கற்றின்மீது 75 கிராம் என்ற காபன் தொகை அச்சிடப்பட்டது. பண்டத்தின்மேல் அத்தகைய தொகை பொறிக்கப்பட்டமை உலகிற்கே புதுமை. ஆயினும் அத்தொகையைக் காட்டிலும், அதனைத் தேடும்போது அகப்பட்ட உண்மையே பெறுமதி வாய்ந்தது.

உருளைக்கிழங்கிலே ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். நிறுவனம் கிழங்கை நிறைபார்த்து வாங்கியது. நிறைக்கு விலையென்றால் விவசாயி என்ன செய்வான்? கிழங்கு காய்ந்து நிறை குறையாதபடி களஞ்சியத்தின் காற்றை ஈரமாக வைத்திருந்தான். அதற்கு மின்சாரம் செலவாயிற்று. அவ்வாறு காக்கப்பட்ட நீரோடு கிழங்கு ஆலைக்கு வந்தது. ஆலையோ பொரிப்பதன்பொருட்டு அந்நீர் முழுவதையும் எரிபொருளைச் செலவிட்டு ஆவியாக ஓட்டியது. நீரைக் காப்பதற்கு ஒருவன் நெருப்பிட, அதே நீரைப் போக்குவதற்கு இன்னொருவன் நெருப்பிட்டான். நடுவே நின்ற லொறி அந்நீரைச் சுமந்து திரிந்தது. விவசாயி தன் கணக்கிலே பிழை செய்யவில்லை. ஆலைக்காரரும் தம் கணக்கிலே பிழை செய்யவில்லை. இரு கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் வீண் எங்கே இருந்ததென்பது தெரிந்தது. நீரைக் கழித்து, கிழங்கின் உலர்ந்த பொருளுக்கு விலை கொடுத்தால் இருவருக்கும் இலாபம் என்பது அதன்பின் விளங்கிற்று. அந்நிறுவனத்தின் கணக்கிலே வண்டிப் போக்குவரத்தின் பங்கு ஏறக்குறையப் பத்தில் ஒன்றே என்பதும் கவனிக்கத்தக்கது. கண்ணுக்குத் தெரியும் லொறியைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத உரமும் அடுப்புமே பெரியன.

உருளைக்கிழங்குக்கு ஏற்ற முறை எல்லாப் பண்டத்துக்கும் ஏற்குமா? 2007 ஆம் ஆண்டு சனவரியில் டெஸ்கோ நிறுவனம், தான் விற்கும் 70,000 வகைப் பண்டங்களின்மீதும் காபன் தொகை பொறிப்பதாக அறிவித்தது. ஒரு பண்டத்தின் சங்கிலியைப் பின்தொடர்ந்து அளப்பதற்கே மாதக்கணக்கான உழைப்பு வேண்டியிருந்தது. ஏனைய கடைக்காரரும் எதிர்பார்த்தவாறு உடன்வரவில்லை. 2012 ஆம் ஆண்டில் டெஸ்கோ அம்முயற்சியைக் கைவிட்டது. அதற்குள் அளக்கப்பட்டவை மொத்தத்திலே மிகச் சிறிய பங்கே.

அளப்பதற்கு ஆளும் பணமும் போதாவிடத்துச் சராசரியை வைத்து மதிப்பிடுவர். அமெரிக்கப் பொருளியலறிஞர் வசிலி லியொன்டியெவ், ஒரு தொழில் மற்றத் தொழில்களிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்பதைப் பெரியதோர் அட்டவணையாக அமைத்துக் காட்டினார். அதற்காக 1973 ஆம் ஆண்டிலே நோபல் பரிசும் பெற்றார். அதே அட்டவணையைக் கொண்டு, ஒரு துறையிலே ஒரு டொலர் செலவிட்டால் எத்தனை கிராம் புகை எழுகிறதென்று கணிக்கலாம். ஒரு நாட்டின் நிலையை அறிய இது சிறந்த வழி. ஆனால் ஒரு கம்பனி தன் கொள்வனவுக்கு இதனைப் பிரயோகிக்கும்போது விந்தையான விளைவொன்று நேர்கிறது. ஒரு வணிகர் தாம் வாங்கும் கோப்பிக் கொட்டைக்கு விவசாயிக்கு நியாயமாகப் பத்து வீதம் கூடுதலாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவான டொலர் கூடிற்று. ஆகவே கணக்கின்படி புகையும் பத்து வீதம் கூடிற்று. வயலிலே ஒரு பிடி உரமும் கூடவில்லை. விலையை அடித்துக் குறைத்த வணிகரோ, கணக்கிலே தூய்மையாளராய்த் தோன்றுவார். இம்முறையைக் கையாள்வோருக்கு இக்குறை தெரியாததன்று. அளக்கக் கூடிய இடத்தில் அளந்த தொகையையே சேர்க்கவேண்டுமென்று விதி நூல்களும் கூறும். எனினும் தொலைதூரச் சிறு விவசாயியிடம் அளந்த தொகை இருப்பதில்லை. அங்கேதான் சராசரி நுழைகிறது.

விதிகளுள்ளும் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 2008 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பிரித்தானிய நியமங்கள் நிறுவனம் பீ.ஏ.எஸ். 2050 என்ற பெயரில் அடிச்சுவடு அளக்கும் முறையொன்றை வெளியிட்டது. காட்டை அழித்துப் பயிர்நிலமாக்கினால், மரத்திலும் மண்ணிலும் இருந்த காபன் வெளியேறும். அதனை இருபது ஆண்டு விளைச்சலின்மீது பங்கிட்டுச் சுமத்தவேண்டும் என்பது இத்தகைய முறைகளிற் காணப்படும் விதி. இருபதாண்டுக்கு முன்னர் அழிந்த காட்டுக்குச் சுமையில்லை. விதியைத் தனியே பார்த்தால் பொருத்தமானதே. நேற்று அழிக்கப்பட்ட காட்டை மறைக்க விடலாகாது. ஆனால் ஐரோப்பாவின் காடுகளிற் பெரும்பாலானவை பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வயலாகிவிட்டன. அவ்வயல்களின் கோதுமைக்குக் கணக்கு வெறுமையாகத் தொடங்கும். அண்மையில் நிலந் திருத்திய வெப்பநாட்டு விவசாயியின் கணக்கோ கடனோடு தொடங்கும். தன் நிலம் பழையதென்று காட்டப் பத்திரமில்லாதவன் ஐயத்தின் பயனைப் பெறுதல் அரிது. அளவுகோல் யாருடைய நாட்டிலே செய்யப்பட்டதோ அந்நாட்டின் வரலாறு அதன் கோடுகளிற் படிந்தே இருக்கும்.

இக்கணக்கு நெடுங்காலம் விருப்பமுள்ளோர் செய்யும் காரியமாகவே இருந்தது. வாஷிங்டனிலுள்ள உலக வளங்கள் நிறுவனமும் வேறோர் அமைப்பும் சேர்ந்து 2001 ஆம் ஆண்டிலே கம்பனிகளுக்கான கணக்கு முறையொன்றை வகுத்தன. தன் சொந்த அடுப்பிலெழும் புகை ஒரு பிரிவு. வாங்கும் மின்சாரத்தின் புகை இரண்டாம் பிரிவு. மற்றவர் தன்பொருட்டு எழுப்பும் புகை முழுவதும் மூன்றாம் பிரிவு. இம்மூன்றாம் பிரிவுக்கு 2011 இல் வெளிவந்த விதிநூல் அதனைப் பதினைந்து வகையாக்கிற்று. பெருங்கடையொன்றின் புகையிலே மிகப் பெரும்பகுதி இந்த மூன்றாம் பிரிவிலேயே அடங்கும்.

இன்றோ அது சட்டமாகவும் மாறி வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம், இறக்குமதியாகும் இரும்பு, உருக்கு, அலுமினியம், சீமெந்து, உரம், ஐதரசன், மின்சாரம் ஆகியவற்றுக்கு அவற்றின் காபன் தொகையை அறிவிக்கவேண்டுமென்று 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் விதித்தது. 2026 ஆம் ஆண்டிலிருந்து அத்தொகைக்குப் பணமுஞ் செலுத்தவேண்டும். அளந்த தொகையைக் காட்ட இயலாதவருக்கு ஒன்றியமே ஒரு தொகையை விதிக்கும்; அதன்மேல் ஒரு மேலதிக வீதமுங் கூட்டப்படும். அளக்கத் தூண்டுவதற்கென்றே அவ்வாறு செய்யப்பட்டது. பொறியியலாளரும் கணக்காய்வாளரும் உள்ள பெரிய உருக்காலைக்கு இது கடினமன்று. சிறிய ஆலைக்கோ அளப்பதற்கு ஆகும் செலவே தண்டத்தை ஒத்திருக்கும்.

பூவும் தேயிலையும் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் தேயிலையை வாங்கும் பெரிய வணிகர் தம் மூன்றாம் பிரிவை நிரப்புவதற்காக இலங்கைத் தொழிற்சாலைகளிடம் காபன் விவரம் கேட்கலாம்; கேட்கவும் செய்கின்றனர். தேயிலையின் கணக்கிலே ஒரு வேடிக்கை உண்டு. மலையிலே கொழுந்து பறித்து, வாட்டி, அரைத்து, உலர்த்திக் கப்பலேற்றுவது வரை உள்ள புகையோடு, குடிப்பவர் வீட்டுக் கேத்தலிலே நீரைக் கொதிக்கவைக்கும் புகையும் போட்டியிடும். ஒரு கோப்பைக்கு வேண்டிய நீருக்குப் பதிலாகக் கேத்தலை நிரப்பிக் கொதிக்க வைக்கும் பழக்கத்தினால் வரும் வீண்புகையைத் தோட்டக்காரர் எவ்வளவு முயன்றாலும் ஈடுசெய்ய முடியாது.

அடிச்சுவடு ஒரு கிலோகிராமுக்கு இவ்வளவென்று கூறப்படுவதால், விளைச்சல் குறைந்தாலும் தொகை ஏறும். 2021 ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. அவ்வாண்டு முடிவதற்குள் தடை நீக்கப்பட்டது. 2021 இல் ஏறக்குறைய 30 கோடி கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறக்குறைய 25 கோடியாக வீழ்ந்தது. உரங் குறைந்தமையால் வயலிலெழும் நைதரசு ஒட்சைட்டும் குறைந்திருக்கும். ஆனால் அதனை வகுக்கும் எண்ணாகிய விளைச்சலும் குறைந்தது. ஒரு கிலோகிராமுக்குரிய தொகை ஏறிற்றா இறங்கிற்றா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அதனைச் சராசரி சொல்லாது. அந்தந்தத் தோட்டத்தின் உரக் கணக்கும் கொழுந்துக் கணக்குமே சொல்லும்.

இலங்கைத் தேயிலையில் ஏறக்குறைய முக்காற் பங்கு சிறுதோட்ட உடைமையாளரின் கொழுந்தினால் உண்டாவது. காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களிலே அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருப்போர் பலர். அவர்களிடம் காபன் விவரம் கேட்டு எவரேனும் ஒரு படிவத்தை அனுப்பினால் அது நிரப்பப்படாமலே திரும்பும். அதனால் விவரமே இல்லையென்று கருதுவது தவறு. பல இடங்களிலே தொழிற்சாலையே உரத்தைக் கடனாகக் கொடுத்துக் கொழுந்துப் பணத்திற் கழித்துக்கொள்வது வழக்கம். ஆகவே எவருக்கு எத்தனை மூடை உரம் போயிற்று, எத்தனை கிலோகிராம் கொழுந்து வந்தது என்னும் இரண்டும் ஒரே கொப்பியிலே பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. உலர்த்தும் அடுப்புக்கு வாங்கிய விறகின் கணக்கும் மின்சாரப் பட்டியலும் அதே அலுவலகத்தில் உள்ளன. எஞ்சுவது நிலத்தின் வயது. அது காணி உறுதியிலும் பழைய நில அளவைப் படத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.